பகலில் நிறுத்து, மாலையில் ஓட்டு: கிணற்று வாயுவுக்கு இது சரிவராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சுவதால், காவிரிப் படுகை எரிவாயு மின் நிலையங்களைப் பகலில் நிறுத்தி மாலை உச்ச நேரத்தில் மட்டும் ஓட்டலாம் என்ற யோசனை அடிக்கடி கிளம்புகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

கோவில்களப்பால் (107.88 மெகாவாட்), குத்தாலம் (101), வழுதூர் (187.2) மூன்றும் சுற்றுவட்டாரக் கிணறுகளின் வாயுவை நம்பிக் கட்டப்பட்டவை. நூறு மெகாவாட் நிலையம் நாள் முழுக்க ஓட ஏறத்தாழ 5 லட்சம் கன மீட்டர் வேண்டும். அதைத் தேக்கி வைக்கத் தொட்டி இல்லை. குழாயின் அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி வைக்கலாம், அவ்வளவே. நிலையம் வாங்காவிட்டால் கிணற்றின் வால்வை நெருக்க வேண்டும். அழுத்தம் இறங்கிய பழைய கிணற்றை அப்படி மூடினால் அடியில் நீர் சேர்ந்து, திறக்கும்போது வாயு மேலேறாமலே போகலாம். ஏறினாலும் நீரும், வாயுவோடு வரும் லேசான எண்ணெயான கண்டன்சேட்டும் கூடவே வரும். வடிகட்டியைத் தாண்டி அவை பர்னருக்குள் போனால் முனை கருகும், டர்பைன் ட்ரிப் ஆகும், அதாவது பாதுகாப்புக்காகத் தானே சட்டென்று நின்றுவிடும். முழுச் சுமையில் ஆகும் ஒரு ட்ரிப், பல ஸ்டார்ட்டுகளின் தேய்மானத்தை ஒரேயடியாகக் கொடுக்கும்.

கேஸ் டர்பைன் அரை மணிக்குள் சுமை ஏற்றுவது உண்மை. அதன் புகைச் சூட்டில் ஓடும் நீராவி டர்பைன் ஆறிக் கிடந்தால் சூடேறவே மணிக்கணக்காகும். அவசரப்படுத்தினால் பாய்லர் வெல்டுகளில் விரிசல் விழும். கோவில்களப்பாலில் 37.88 மெகாவாட் அந்த நீராவியின் பங்கு. அதை விட்டுவிட்டு ஓட்டினால், அதே வாயுவில் கிடைக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்.

2024 மே, ஜூனில் மத்திய அரசு மின்சாரச் சட்டம் 11ஆம் பிரிவின்படி எரிவாயு நிலையங்களை ஓட்ட உத்தரவிட்டதை, இந்த யோசனை சொல்வோர் உதாரணம் காட்டுகிறார்கள். இறக்குமதித் திரவ வாயு வாங்க வழியிருந்தும் விலைக்கு அஞ்சிச் சும்மா கிடந்த நிலையங்களுக்குத்தான் அது பொருந்தும்.

தேசிய கிரிட்டில் இந்தச் சின்ன நிலையங்களின் பங்கை மெகாவாட்டில் மட்டும் அளக்கக் கூடாது. 648 மெகாவாட் கமுதி சூரியப் பூங்கா இருக்கும் அதே ராமநாதபுரம் மாவட்டத்தில், வழுதூரின் சுழலும் ஜெனரேட்டர்கள் வோல்டேஜைத் தாங்குகின்றன. கிரிட்டின் அதிர்வெண் சரிந்தால், டர்பைனின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற கருவி வழியாக உடனே கை கொடுக்கின்றன. நிறுத்தி வைத்த இயந்திரம் இதைச் செய்யாது.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. நாளுக்கு வாங்கும் வாயுவின் அளவை மாற்றாமல், பகலில் நீராவி டர்பைன் ஆறாத அளவுக்கு, ஏறத்தாழ 70 சதவீதத்துக்குச் சுமையை இறக்கி, மிச்சத்தை மாலையில் தரலாம். மிஞ்சும் வாயுவைத் தேக்கக் குழாய் எத்தனை மணி நேரம் இடம் தரும் என்பது எரிவாயு வயலுக்கு வயல் மாறும். எரிவாயு நிறுவனமும் மின்வாரியமும் சேர்ந்து அதை முதலில் அளந்து வெளியிடட்டும்.

இப்படிக்கு,
எரிவாயு மின் நிலையப் பொறியாளர்கள் சிலர்,
மன்னார்குடி