அக்கா எதிரில் நின்றபோது: அம்பாலால் சாராபாய்க்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய அம்பாலால் சாராபாய் அவர்களுக்கு,

வணக்கம். விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் அப்பா என்றால்தான் எங்கள் பக்கம் உங்களைப் பலருக்குத் தெரியும். நடனக் கலைஞர் மிருணாளினியின் மாமனார் என்றால் இன்னும் கொஞ்சம் பேர் தலையாட்டுவார்கள். நான் எழுதுவது அகமதாபாத் காலிகோ மில் முதலாளிக்கு. பஞ்சாலை வேலையை நம்பிப் பிழைத்த கோவைக் குடும்பம் எங்களுடையது. அதனால் மில் முதலாளிகளைப் பற்றி எது கிடைத்தாலும் விடாமல் படிப்பேன். அப்படிப் படித்ததில் மனதை விட்டுப் போகாத ஆள் நீங்கள்.

1915-இல் அகமதாபாத்தில் தான் தொடங்கிய கோச்ரப் ஆசிரமத்தில் தூதாபாயின் குடும்பத்தைக் காந்தி சேர்த்துக்கொண்டார். தீண்டத்தகாதவர்கள் என்று ஊர் ஒதுக்கிவைத்த குடும்பம். அதுவரை பணம் கொடுத்து வந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதத்துக்கு வழியில்லை என்ற நிலையில் ஆசிரமத்து வாசலில் ஒரு கார் வந்து நின்றது. உதவி செய்தால் வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். மறுநாள் சொன்ன நேரத்துக்கு வந்து 13,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு, உள்ளேகூட வராமல் கிளம்பிவிட்டீர்கள். அப்போது உங்களுக்கு 25 வயது. பிற்பாடு காந்தி இதை எழுதியபோதும் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. உங்களைப் பற்றிப் பேசுபவர்கள் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். பெரிய மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் உங்களை நினைத்துக்கொள்வது 1918-ஐ வைத்து.

அதற்கு உங்கள் அக்கா அனசூயாவிடமிருந்து தொடங்க வேண்டும். அப்பா அம்மாவைச் சின்ன வயதிலேயே இழந்து, உறவினர் ஆதரவில் வளர்ந்த பிள்ளைகள் நீங்கள். அக்காவுக்கு 13 வயதில் கல்யாணம், அது நிலைக்கவில்லை. அந்தக் காலத்தில் அப்படித் திரும்பி வந்த பெண்ணை வீட்டு மூலையில் உட்கார வைத்திருப்பார்கள். நீங்கள் இங்கிலாந்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தீர்கள். திரும்பி வந்தவர் மில் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். ஒருநாள் காலையில் நடக்கக்கூட முடியாமல் போய்க்கொண்டிருந்த சில தொழிலாளிகளை நிறுத்தி விசாரித்திருக்கிறார். 36 மணி நேரம் தொடர்ந்து வேலை பார்த்துவிட்டு வருகிறோம் என்றார்களாம். அதன்பிறகு பள்ளிக்கூடத்தோடு அவரால் நின்றுவிட முடியவில்லை.

1917-இல் அகமதாபாத்தில் பிளேக். தொழிலாளர்கள் ஊரைவிட்டு ஓடிவிடாமல் இருக்க முதலாளிகள் பிளேக் போனஸ் கொடுத்தீர்கள். சிலருக்கு அது சம்பளத்தில் முக்கால்வாசி அளவுக்கு இருந்தது. நோய் அடங்கியதும் போனஸை நிறுத்தப் போவதாக அறிவித்தீர்கள். போர்க்கால விலைவாசியோ இறங்கவே இல்லை. நெசவாளர்கள் 50 சதவீத உயர்வு கேட்டார்கள். காந்தி கணக்குப் பார்த்து 35 என்றார். நீங்கள் 20-க்கு மேல் ஒரு பைசா இல்லை என்றீர்கள். 1918 பிப்ரவரி 22-இல் கதவடைப்பு, தொழிலாளர்களை உள்ளே விடாமல் மில்களை மூடிவிட்டீர்கள். முதலாளிகள் தரப்பில் முன்னால் நின்றவர் நீங்கள். 35 கிடைக்காமல் வேலைக்குத் திரும்ப மாட்டோம் என்று சபதம் எடுத்த தொழிலாளர்கள் சபர்மதிக் கரையில் வேலமரத்தடியில் தினமும் கூடினார்கள். காந்தி எழுதிய துண்டறிக்கைகள் அனசூயாவின் பெயரில் வெளிவந்தன. தம்பியின் மில்லுக்கு எதிராக அக்காவின் பெயரில் நோட்டீஸ்!

இந்தச் சம்பளத் தகராறைத் தீர்க்க நடுவர் எதற்கு என்று உங்கள் தரப்பு கேட்ட கேள்வி எனக்கு இன்றும் உறுத்துகிறது. நாங்கள் பெற்றோர், தொழிலாளர்கள் எங்கள் பிள்ளைகள், இதில் மூன்றாம் ஆளுக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். ஐயா, இதே பேச்சை நாங்களும் நிறையக் கேட்டிருக்கிறோம். திண்டுக்கல், ஈரோடு, கோவைப் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது. கிராமத்துப் பெண் பிள்ளைகளை விடுதியில் தங்க வைத்து, மூன்று வருடம் போல வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று மொத்தமாகப் பணம் தருவார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொள்கிறோம் என்றுதான் அங்கேயும் சொன்னார்கள். உடம்பு முடியாமல் பாதியில் வந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்தப் பணம் கைக்கு வரவே இல்லை. பெற்றவர் கொடுப்பதைப் பிள்ளை கணக்குக் கேட்க முடியாது. தொழிலாளி கேட்க முடியும், கேட்க வேண்டும். இந்த விஷயத்தில் நீங்கள் தவறு, உங்கள் அக்காதான் சரி.

மார்ச் நடுவில் தொழிலாளர்களின் வீட்டில் அடுப்பு எரியவில்லை. காந்திக்கும் அனசூயாவுக்கும் என்ன, காரில் வருகிறார்கள், நன்றாகச் சாப்பிடுகிறார்கள், நாங்கள்தானே சாகிறோம் என்று ஒருவர் சொன்ன வார்த்தை காந்தியின் காதுக்குப் போனது. 15-ஆம் தேதி உண்ணாவிரதம் தொடங்கினார். நண்பரின் உயிரை வைத்து உங்களை நெருக்குகிற காரியம் அது. அந்தக் குறை அதில் இருப்பதை அவரே ஒப்புக்கொண்டார். மூன்றாம் நாள் நீங்கள் இறங்கி வந்தீர்கள். முதல் நாள் 35 சதவீதம், தொழிலாளர்களின் சபதத்துக்காக. இரண்டாம் நாள் 20, உங்கள் சொல்லுக்காக. அதன்பிறகு நடுவர் தீர்ப்பு வரும்வரை இருபத்தேழரை. சிரிப்பு வரவழைக்கிற ஏற்பாடுபோல் தெரியலாம். எனக்கு அதில் இரண்டு தரப்பின் மானமும் காப்பாற்றப்பட்டதாகத்தான் தோன்றுகிறது. நடுவராக இருந்த ஆனந்தசங்கர் துருவா கடைசியில் 35-தான் நியாயம் என்றார்.

சண்டை நடந்த நாட்களில் நீங்கள் ஆசிரமத்துக்குப் போய்க் காந்தியோடு சாப்பிட்டதாகவும், அனசூயா உங்கள் இருவருக்கும் பரிமாறியதாகவும் சொல்வார்கள். எங்கள் ஊர்களில் சங்கம் வைத்தவரின் தம்பிக்குக்கூட வேலை போய்விடும், சேட். உங்கள் அக்காவோ 1920-இல் மஜூர் மகாஜன் என்ற மில் தொழிலாளர் சங்கத்தை நிறுவி, மோட்டாபென், அதாவது பெரியக்கா என்று தொழிலாளர்கள் கூப்பிடும்படி வாழ்ந்தார். அவரை நீங்கள் எதிரி ஆக்கவில்லை. அந்தச் சங்கத்தோடு உட்கார்ந்து பேசுவதே அகமதாபாத் மில்களின் நடைமுறையாகவும் ஆனது.

காலிகோ மில் இன்று இல்லை. எங்கள் பக்கம் மில்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகளை வைத்து. அவர்கள் யாராவது ஒருவரைக் கூட்டிக்கொண்டு சம்பளக் கணக்குக் கேட்க வரும்போது, நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பதில் சொல்கிற முதலாளிகள் வேண்டும் என்பதற்காகத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளை