புகார் சொல்பவருக்குப் பாதுகாப்பு இல்லையேல் நிறுவனப் பொறுப்பும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வணிக நிறுவனங்கள் மனித உரிமைகளை மதிக்க வேண்டும் என்பது இன்று எவரும் வெளிப்படையாக மறுக்காத கருத்தாகிவிட்டது. பேராசிரியர் ஜான் ரக்கி வகுத்தளித்த வழிகாட்டும் கோட்பாடுகளை ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒருமனதாக ஏற்றது. அரசு காக்க வேண்டும், நிறுவனம் மதிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்குத் தீர்வு கிடைக்க வேண்டும் என்னும் மூன்று தூண்களின்மீது அந்த 31 கோட்பாடுகளும் நிற்கின்றன. தம் தொழிலால் நேரக்கூடிய தீங்குகளை முன்கூட்டியே கண்டறிந்து தடுக்கும் விழிப்புக் கடமையை பிரான்ஸ் 2017இல் பெருநிறுவனங்களுக்குச் சட்டமாக்கியது. ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 முதல் நடைமுறைக்கு வந்தது. இவையெல்லாம் வரவேற்க வேண்டியவையே. ஆனால், தவறு நடக்கும் இடத்தில் நின்றுகொண்டு அதை வெளியே சொல்பவரின் கதி என்ன என்ற கேள்வி இவ்விவாதத்தில் எப்போதும் கடைசி வரிசைக்கே தள்ளப்படுகிறது. அதை முதல் வரிசைக்குக் கொண்டுவர வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வங்கதேசத்தில் 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று ராணா பிளாசா கட்டடத்தின் சுவர்களிலும் தூண்களிலும் விரிசல்கள் தெரிந்தன. கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மறுநாள் திறக்கப்படவில்லை. மேல்தளங்களில் இயங்கிய ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்களோ, வராவிட்டால் சம்பளம் கிடைக்காது என்ற அச்சுறுத்தலோடு உள்ளே அனுப்பப்பட்டார்கள். அன்று (ஏப்ரல் 24) காலையே கட்டடம் இடிந்து விழுந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கிருந்த தொழிற்சாலைகளில் சிலவற்றைத் தணிக்கையாளர்கள் அதற்கு முன்பே பார்வையிட்டு அறிக்கை கொடுத்திருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தணிக்கையின் கண்ணில் படாத விரிசலைத் தொழிலாளர்கள் கண்டார்கள். கண்டும், உள்ளே போகமாட்டோம் என்று சேர்ந்து நின்று சொல்ல அவர்களுக்குச் சங்கம் இல்லை. பின்னர் பன்னாட்டு ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தம், சட்டப்படி கட்டுப்படுத்தக்கூடியதாக இருந்ததோடு, ஆபத்தான இடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமையையும் புகார் அளிக்கும் வழியையும் தொழிலாளிக்குத் தந்தது. அந்த ஒப்பந்தத்தின் உயிர்நாடி இதுவே என்பது என் துணிபு.

எச்சரிக்கை இல்லாமல் பேரழிவு நேர்ந்தது என்று சொல்லத்தக்க நிகழ்வுகள் மிகக் குறைவு. போபால் ஆலையின் ஆபத்தைப் பற்றிப் பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி 1982லேயே எழுதத் தொடங்கினார். 1984 டிசம்பரில் நச்சுவாயு கசிந்த பிறகுதான் அந்தக் கட்டுரைகளை நாடு தேடிப் படித்தது.

ஹோண்டுராஸில் நடந்ததோ இன்னும் கொடியது. லெங்கா பழங்குடி மக்களின் தலைவர்களில் ஒருவரான பெர்த்தா காசெரஸ், குவால்கார்க்கே ஆற்றின் குறுக்கே அவர்களின் ஒப்புதல் இன்றித் திட்டமிடப்பட்ட அகுவா சார்க்கா அணையை எதிர்த்தார். அவருக்கு மிரட்டல்கள் வந்துகொண்டிருந்தது ஊரறிந்த செய்தி. அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமைகள் ஆணையம் அவருக்குப் பாதுகாப்பு அளிக்குமாறு 2009லேயே அரசைக் கேட்டிருந்தது. 2016 மார்ச் 2ஆம் நாள் இரவு அவர் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அணை நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் அக்கொலையில் பங்கேற்றதாகத் தீர்ப்பளிக்கப்பட்டு, 2022இல் 22 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சிறைத் தண்டனை பெற்றார். இதில் என் மனத்தை உறுத்துவது, திட்டத்துக்குக் கடன் கொடுத்தவர்களின் நடத்தை. நெதர்லாந்து, பின்லாந்து நாடுகளின் வளர்ச்சி நிதி நிறுவனங்கள் அவர் கொல்லப்பட்ட பிறகே பணம் தருவதை நிறுத்தின. 2017இல்தான் முழுவதுமாக விலகின. உயிரோடு இருந்தபோது அவர் எழுப்பிய குரலுக்குக் கிடைக்காத மதிப்பு, அவருடைய மரணத்துக்குக் கிடைத்தது.

புகார் சொல்பவரின் வாயை அடைக்கத் துப்பாக்கி தேவைப்படாத வழிகளும் உண்டு. வழக்கு அவற்றில் முதன்மையானது. வெல்வது அதன் நோக்கமன்று. எதிராளியின் பணத்தையும் காலத்தையும் மனவலிமையையும் கரைப்பதே நோக்கம். மால்டா நாட்டுப் பத்திரிகையாளர் டாப்னே கருவானா கலீசியா 2017 அக்டோபரில் கார் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டபோது அவர்மீது 40க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. அவர் இறந்த பின் அவ்வழக்குகள் அவருடைய குடும்பத்தார் தலையில் விழுந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த உத்தரவு, அடிப்படையற்ற வழக்குகளைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யவும், செலவை வழக்குத் தொடுத்தவர் மீதே சுமத்தவும் வழிசெய்கிறது. எனினும் அது எல்லை கடந்த வழக்குகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், ஓர் ஆலை தன் வாசலில் நிற்கும் தொழிலாளிமீது அதே ஊர் நீதிமன்றத்தில் தொடுக்கும் வழக்கு பெரும்பாலும் அதன் வரம்புக்குள் வருவதில்லை.

நிறுவனத்தின் கண்காணிப்புப் பிரிவு எவ்வளவு திறமையானதாக இருந்தாலும், ஆற்றுநீரின் நிறம் மாறியதை முதலில் அறிபவர் கரையில் வசிப்பவரே. ஆகவே அவரைக் காப்பது தனியாக ஒரு நலத்திட்டம் அன்று. நிறுவனப் பொறுப்பு என்னும் ஏற்பாட்டின் ஒரு பகுதியே அது. வழிகாட்டும் கோட்பாடுகளின் விளக்கவுரையும், மக்களின் உரிமைகளுக்காகக் குரல் கொடுக்கும் உரிமைக் காப்பாளர்களைக் கலந்தாலோசிக்கச் சொல்கிறது. 2018இல் கோஸ்டா ரிக்காவின் எஸ்காசு நகரில் உருவாகி 2021இல் நடைமுறைக்கு வந்த லத்தீன் அமெரிக்க, கரீபியன் உடன்படிக்கையோ, சுற்றுச்சூழல் உரிமைக் காப்பாளர்களைப் பாதுகாப்பதை அரசுகளின் கட்டாயக் கடமையாகவே ஆக்கியிருக்கிறது.

ஆதலால் இனி இயற்றப்படும் எந்தச் சட்டத்திலும், புகார் அளித்தவரைப் பழிவாங்குவது தனிக் குற்றமாக்கப்பட வேண்டும். புகார் அளித்தவர்மீது மிரட்டல் எழுந்த உடனேயே கடன் தவணையை நிறுத்தி வைக்கும் நிபந்தனை கடன் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். இத்தகைய விதிகள் தொழில்வளர்ச்சியைக் குலைக்கும் என்பார்கள். நிறுவனங்களின் விழிப்புக் கடமை குறித்து ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஏற்ற உத்தரவு நிறுவனங்களுக்குப் பொருந்தத் தொடங்குமுன்பே அதன் வரம்பைச் சுருக்கும் முயற்சி தொடங்கியதற்கும் இந்த வாதமே காரணம். மனித உரிமைகளை மதிப்போம் என்ற வாக்குறுதியை நேர்மையாகக் காக்கும் நிறுவனத்துக்கு இவ்விதிகளால் என்ன இழப்பு என்று எனக்கு விளங்கவில்லை; அதை மீறிச் செலவைக் குறைத்துக்கொள்ளும் போட்டியாளரிடமிருந்து அந்த நிறுவனத்தையும் சேர்த்தே அவை காக்கின்றன.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு நிறுவனம் தன்மீது புகார் கூறியவர்மேல் வழக்குத் தொடுத்தது என்ற செய்தியை வெளியிடும்போது, அவர் எதைப் பற்றிப் புகார் கூறினார், அந்தப் புகாரை எந்த அலுவலகம் எப்போது பெற்றுக்கொண்டது, அதன்மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, திட்டத்துக்குக் கடன் கொடுத்தது யார் என்பவற்றையும் அதே செய்தியில் சேர்த்து வெளியிடுங்கள். வழக்கு முடியும்வரை, சில மாதங்களுக்கு ஒருமுறையேனும், அதன் நிலையைத் தெரிவித்து வாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்