பதினாறாம் நாளும் முப்பதாம் நாளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 23 சர்வதேச விதவைகள் தினத்தையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரைக்கு மறுப்பாக ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். விதவை மறுமணச் சட்டம் 1856-லேயே வந்துவிட்டது, இந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள், மிச்சம் மீதி இருந்தாலும் அது பெண்ணுக்குப் பெண்ணே செய்துகொள்வது என்று முடித்திருந்தார். விவரம் தெரிந்தவர்தான். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வீட்டில் இப்படியொரு சாவு இன்னும் விழவில்லை என்பது மட்டும் தெரிந்தது. விழவும் வேண்டாம்.

நான் நிலக்கோட்டையில் ரவிக்கை தைக்கிறவள். என் கணவர் குட்டி யானை என்கிற சிறிய சரக்கு வண்டி ஒன்றைக் கடனில் வாங்கி, விடியுமுன் மல்லிகை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று வண்டியை ஓரங்கட்டியவர் பிறகு எழுந்திருக்கவில்லை. வயது 49. வண்டியில் இருந்த பூவைக்கூட வேறு ஒருவர்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

யார் பார்க்கிறார்கள் என்று கேட்டிருக்கிறாரே, சொல்கிறேன். போன தை மாதம் ஒரு முகூர்த்த ரவிக்கை தைத்தேன். ஆரி வேலை. துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, இரண்டு கையிலும் மயில், முதுகில் கோபுரம், ஒவ்வொரு பாசியாக ஊசியில் கோத்து இறக்க வேண்டும். கண் எரியும். பிறகு லைனிங் வைத்து, கை ஏற்றி, ஊக்குப் பட்டி அடித்து, கடைசி நூலைப் பல்லால்தான் அறுத்தேன். கத்தரி பக்கத்தில் இருந்தாலும் அது பழக்கம். பெண்ணின் அம்மா வாங்க வந்தார். பிரித்துப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் தயங்கித் தயங்கி, "அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் மகள் வந்ததும் அவள் கையால் கொடுக்கச் சொல்லுங்கள், அதுவரைக்கும் காத்திருக்கிறேன்" என்றார். மகள் கல்லூரியிலிருந்து வரும் வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். நானும் காப்பி கொடுத்தேன், குடித்தார். மகள் வந்து எடுத்துக் கொடுத்தாள். கூலியை மட்டும் என் கையில்தான் கொடுத்தார்.

நல்ல மனுஷி. இன்றும் என்னிடம்தான் தைக்கிறார். என் கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியும் மனைவியை இழந்தவர். எந்தக் கடை திறந்தாலும் குத்துவிளக்கில் முதல் திரியை ஏற்றக் கூப்பிடுவது அவரைத்தான். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்தது, பெண்ணுக்குப் பெண்ணே. எங்கள் பக்கம் பதினாறாம் நாளுக்கு முந்தைய இரவு, இறந்தவரின் மனைவிக்கு மஞ்சள் பூசி, கை நிறைய வளையல் அடுக்கி, தலை கொள்ளாமல் பூ வைத்து உட்கார வைப்பார்கள். கல்யாணத்தன்று கூட அவ்வளவு பூ வைத்திருக்க மாட்டார்கள். விடிவதற்குள் வளையலை உடைத்து, பூவைப் பிய்த்து, தாலியை அவிழ்த்துப் பால் கிண்ணத்தில் போடுவார்கள். செய்கிறவர்கள் பெண்கள்தான், அதிலும் தாலி இழந்த பெண்கள். ஆனால் எந்த நேரத்தில், யார் யார், கோடிப் புடவை யார் எடுப்பது என்று பந்தலில் உட்கார்ந்து முடிவு செய்கிறவர்கள் வேட்டி கட்டிய பங்காளிகள். கடிதம் எழுதியவர் பந்தலிலேயே உட்கார்ந்து எழுந்து வந்திருப்பார்.

எனக்கும் அந்த இரவு வந்தது. கிண்ணத்தில் பால் ஊற்றி வைத்தாகிவிட்டது. என் கணவரின் தங்கை, எனக்கு நாத்தனார், அதுவரை சமையல்காரரோடு அரிசிக் கணக்குப் பேசிக்கொண்டிருந்தவள், நேராகப் பந்தலுக்கு வந்து பெரியப்பாவின் முன்னால் நின்றாள். "மதினி கழுத்தில் முதல் முடிச்சு அண்ணன் போட்டது. மற்ற இரண்டும் நான் போட்டது. என் முடிச்சை அவிழ்க்க எனக்குச் சம்மதமில்லை. அண்ணன் முடிச்சை வேண்டுமானால் அவரை வந்து அவிழ்க்கச் சொல்லுங்கள்" என்றாள். ஊர் என்ன சொல்லும் என்று பெரியப்பா கேட்டார். "ஊர் இங்கேதானே உட்கார்ந்திருக்கிறது, கேட்டுச் சொல்லுங்கள்" என்றாள். யாரும் பேசவில்லை. என் மாமியார் முப்பது வயதில் இதே பந்தலைப் பார்த்தவர். அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய் அந்தப் பால் கிண்ணத்தை எடுத்து அடுப்படிக்குக் கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் காப்பி வந்தது.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவள் சட்டம் பேசவில்லை, சீர்திருத்தம் பேசவில்லை. வழக்கத்தை வைத்தே வழக்கத்தைத் தடுத்தாள். ஒவ்வொரு வீட்டிலும் அந்த இரண்டு முடிச்சுகளைப் போட்ட நாத்தனார் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு அந்த உரிமை உண்டு என்பது அவளுக்கே தெரிவதில்லை.

தாலியை நான் கழற்றாமலும் இல்லை. வண்டிக் கடனுக்குத் தவணை கட்ட வழியில்லாதபோது நானே கழற்றிக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்தேன். நகை மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்து, தராசில் வைத்து, எடை சொன்னார். அங்கே யாரும் ஒப்பாரி வைக்கவில்லை.

ஆசிரியர் அவர்களே, நான் எழுத வந்தது உண்மையில் இனிமேல்தான். தங்கள் கட்டுரை மனவேதனையைப் பற்றி நிறையப் பேசியது. அது வேண்டியதுதான். ஆனால் புருஷன் போன வீட்டில் இரண்டு நாள்காட்டிகள் ஓடுகின்றன. ஒன்று சடங்கின் நாள்காட்டி. பதினாறு வரை மூலை, அதன் பிறகும் மூன்று மாதம் வாசல் தாண்டாதே, ஓர் ஆண்டு கோயிலுக்குப் போகாதே, எதிரே வராதே. இன்னொன்று அரசாங்கத்தின் நாள்காட்டி. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். வண்டியின் உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் பதிவு செய்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேலே போக வேண்டும். அது இல்லாமல் வண்டி இல்லை, வங்கியில் இருக்கும் பணம் இல்லை. எந்த மூன்று மாதம் அவள் மூலையில் உட்கார வேண்டும் என்று ஊர் சொல்கிறதோ, அதே மூன்று மாதம் அவள் வரிசையில் நிற்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவள் மூலையில் இருக்கும்போது வரிசையில் நிற்பவர் யார்? மச்சினரோ பங்காளியோ. கையெழுத்து போடு என்று கொண்டு வருவார்கள், போடுவாள். அந்தத் தாளில் என்ன இருந்தது என்பது பிறகு தெரியும். எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு வீடு கைமாறிப் போயிருக்கிறது.

எனக்கு அது நடக்காமல் போனதற்கு எங்கள் மகளிர் குழுத் தலைவிதான் காரணம். துக்கம் விசாரிக்க வந்தவர் அழவில்லை, என்னையும் அழ விடவில்லை. "அண்ணன் பாஸ்புக் எங்கே?" என்றுதான் கேட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பக்கம் பக்கமாக ஆள்காட்டி விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். டீசல், தவணை, டீசல், தவணை. ஓரிடத்தில் விரல் நின்றது. 436 ரூபாய் பிடித்தம். "இது போதும்" என்றார். பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு முறை வங்கிக் கணக்கிலிருந்து பிடிக்கிற தொகை அது. எதனால் இறந்தாலும் வாரிசுதாரருக்கு 2 லட்சம் கிடைக்கும். என்றைக்கோ வங்கியில் கையெழுத்து போட்டதை என் கணவர் மறந்திருப்பார், என்னிடமும் சொன்னதில்லை. அந்த 436-ஐ யாரும் பார்க்காமல் போயிருந்தால் அந்த இரண்டு லட்சமும் போயிருக்கும். எத்தனை வீட்டு பீரோக்களில் அப்படி எத்தனை பாஸ்புக் கிடக்கிறதோ!

காரியம் முடிந்த மறுநாளே அவர் என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். எதிரே வந்த ஒருவர் நின்று முகம் சுளித்துத் திரும்பிப் போனதைப் பார்த்தேன். தலைவியும் பார்த்தார். "அவருக்கு அப்படி என்ன அவசர வேலை, நமக்கு 30 நாள்தான்" என்றார். குழுவில் என் கடன் தவணையை மற்றவர்கள் முறை வைத்துக் கட்டினார்கள். ஓர் அலுவலகத்தில், "ஆண் துணை யாரும் இல்லையா?" என்று எழுத்தர் கேட்டபோது, பின்னால் நின்ற எங்கள் குழுவினர் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. என் கணவர் போன பிறகு நான் முதலில் சிரித்தது அங்கேதான்.

வாரிசுச் சான்றிதழைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன் இறந்தால் மனைவி மக்களோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு. மாமியார் கையெழுத்து இல்லாமல் வண்டி என் பெயருக்கு மாறாது. அன்று பால் கிண்ணம் இருந்த இடத்திலேயே இருந்து, நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் அந்தக் கையெழுத்து என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வண்டியை இப்போது நாத்தனார் மகன் ஓட்டுகிறான். கடனில் பாதிக்கு மேல் அடைந்துவிட்டது.

பக்கத்து வீட்டில் பூ கட்டுகிற அம்மா தினமும் போகிற போக்கில் ஒரு முழம் மல்லிகையை என் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போவார். முதலில் "சாமி படத்துக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அதையும் சொல்வதில்லை. நான் தலையில் வைத்துக்கொள்கிறேன். சில நாள் வைத்துக்கொள்வதில்லை, தலைவலி.

சட்டத்தால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், ஈரோடு மாவட்டம் நம்பியூர் தாலுகாவில் ஒரு கோயில் வழக்கில், கணவனை இழந்தவள் என்பதற்காக ஒரு பெண்ணைக் கோயிலுக்குள் விடாமல் தடுக்க யாருக்கும் உரிமையில்லை என்று சொல்லிவிட்டது. அதே மாதத்திலிருந்து ஆதரவற்ற விதவைகளுக்கான உதவித்தொகையும் 1,200 ரூபாயாக உயர்ந்தது. நல்லதுதான். ஆனால் கோர்ட்டுக்குப் போகிற தெம்பு பதினாறாம் நாள் யாருக்கு இருக்கும்? அந்தப் பொழுதில் வீட்டுக்குள் ஒருத்தி பேச வேண்டும், வெளியே ஊராட்சி அவள் பின்னால் நிற்க வேண்டும். மகாராஷ்டிர மாநிலம் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்ற ஊராட்சி 2022 மே மாதம் இதைச் செய்தது. தாலி கழற்றுவது, வளையல் உடைப்பது, பொட்டு அழிப்பது எதுவும் எங்கள் ஊரில் கூடாது என்று தீர்மானம் போட்டது. மற்ற ஊராட்சிகளும் இதைப் பின்பற்றலாம் என்று அந்த மாநில அரசே பிறகு சுற்றறிக்கை அனுப்பியது.

நம் ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்தது ஆகஸ்டு 15. குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை என்று தீர்மானங்கள் வரும்போது இதையும் ஒன்றாக வைக்கலாம். பணம் ஒதுக்க வேண்டியதில்லை, டெண்டர் வேண்டியதில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கண்ணீர் அஞ்சலி விளம்பரங்கள் வரும் பக்கத்தில் வாரம் ஒரு நாள் கால் பத்தி இடம் ஒதுக்குங்கள். வீட்டில் ஒருவர் இறந்தால் 21 நாளுக்குள் எது, 30 நாளுக்குள் எது, மூன்று மாதத்துக்குள் எது, பாஸ்புக்கில் எந்தப் பிடித்தத்தைத் தேட வேண்டும் என்று போடுங்கள். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் வெட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

நாங்கள் இருப்பது பேரூராட்சி, எங்களுக்குக் கிராம சபை கிடையாது. நாத்தனார் வாழ்க்கைப்பட்ட ஊரில் உண்டு. அவளும் இன்னும் சில பெண்களும் கையெழுத்துப் போட்டு ஆகஸ்டு 15 கூட்டத்துக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். ஊராட்சிச் செயலர் வாங்கி வைத்துக்கொண்டு, "பொருள் பட்டியலில் இடம் இருக்கிறதா பார்க்கிறேன்" என்றாராம். என்ன ஆயிற்று என்று 16-ஆம் தேதி தங்களுக்கு எழுதுகிறேன். வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
நிலக்கோட்டை, திண்டுக்கல் மாவட்டம்.
(பெயர் வேண்டாம். மகளுக்கு வரன் பார்க்கிறோம்.)