அறுபது ஆண்டுகளைத் திருத்தித் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் பழைய வீட்டின் பரணில், தகரப் பெட்டிக்குள் கிடந்த ஓலைக்கட்டைப் பிரித்துத் துடைத்துப் படித்துத் தந்த உங்கள் அனைவருக்கும் நேரில் வந்து சொல்லவேண்டிய நன்றியை முதலில் இம்மடலில் எழுதிவைக்கிறேன்.

பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டுவிடும் வழக்கத்துக்கு உடன்படாமல், எழுத்தறியாதவராக இருந்தும் அவற்றைப் பரணில் ஏற்றி வைத்த ஆச்சிக்கே முதல் நன்றி.

ஒட்டிக்கிடந்த ஏடுகளுக்கிடையே நான் கத்தியை நுழைக்கப்போனபோது கையைப் பிடித்துத் தடுத்தவர், சுவடிப் பாதுகாப்புப் பயின்ற எங்கள் மைத்துனர் மகள். தூரிகையால் தூசியைத் தட்டி, பஞ்சில் எலுமிச்சைப்புல் எண்ணெயைத் தொட்டு ஒற்றி ஓலையை நெகிழவைத்து, விளக்குக்கரியைத் தடவித் துடைத்தபோது, வெறும் கீறலாகத் தெரிந்தவை எழுத்துகளாயின. (அவர் வருவதற்கு முன்பே ஒரு முத்திரைத்தாளை லேமினேஷன் செய்து பாழாக்கியது நான்தான், யாரும் அப்படிச் செய்யவேண்டாம்.)

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்குப் பட்ட கடன் பெரிது. புள்ளியும் இல்லாமல், துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடும் இல்லாமல் ஓடும், ஓலைக்கட்டில் இருந்த ஓர் ஒற்றி முறியில் (அடகுப் பத்திரத்தில்) ‘பிங்கள வருடம் தை மாதம்’ என்பதை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்த நான், அதை 1918 என்று கொண்டு, என் பூட்டனார் எழுதிக்கொடுத்தது என்றே உறவினரிடம் இருபது ஆண்டுகளாகச் சொல்லிவந்தேன். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை பிங்கள திரும்பி வரும் என்பதை எண்ணிப்பார்க்கவில்லை. நான் ‘சூ’ என்றும் ‘ய’ என்றும் தடுமாறிய இடத்தை ஐயா தமிழ் எண்களாக ‘௲௩௰௩’ என்று படித்தார்: கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டுக்கணக்கில் 1033. தை மாதமாதலால் அதனோடு 825ஐக் கூட்ட, ஆங்கில ஆண்டு 1858 வந்தது. பூட்டனார் அன்று பிறந்திருக்கவே இல்லை.

முறி எழுதிய அன்று திண்ணையில் கூடியிருந்த எவருக்கும் எந்தப் பிங்கள என்ற ஐயம் எழுந்திருக்காது. அவர்களுக்கு அது நடப்பு ஆண்டு. ஆயினும் கொல்லம் ஆண்டையும் சேர்த்துக் கீறிவைத்த, பெயர் தெரியாத அந்தக் கணக்கருக்கும் இம்மடலில் பங்குண்டு. அவர் எழுத்தாணி எழுதிய நான்கு குறிகள் இல்லையென்றால், எங்கள் குடும்பக் கதை அறுபது ஆண்டு பிசகியே நின்றிருக்கும்.

இன்னும் பதினொரு ஏடுகள் எஞ்சியுள்ளன. ஐயா வரும் ஞாயிறன்று முற்றத்தில் மேசையும் உருப்பெருக்கியும் போட்டு வைத்திருப்பேன். கத்தி எதுவும் அருகில் இருக்காது.

நன்றியுடன்,
ஆச்சியின் பேரன்