தாளம் காலில் தொடங்கட்டும்: பாலக்கோட்டுத் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

வீட்டுத் திண்ணையில் ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு தொடங்கியிருக்கிறாய் என்றறிந்து மகிழ்ந்தேன். தாளத்தின் உறுப்புகளை லகு, திருதம் என்று எத்தனை முறை சொன்னாலும் மறந்துவிடுகிறார்கள் என எழுதியிருந்தாய். பெயரை முதலில் சொல்வதுதான் சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது.

தருமபுரியில் நான் வகுப்பு தொடங்கிய புதிதில், தொடக்கப் பாடமான சரளி வரிசையை இரண்டாம் காலத்தில், அதாவது இருமடங்கு வேகத்தில், பாடச் சொன்னால், பிள்ளைகள் சுரங்களை இரட்டிப்பதை விட்டுவிட்டுத் தாளத்தையே விரட்டுவார்கள். நான் அதட்டியதில், தாளம் தட்டித் தட்டி அவர்கள் தொடை சிவந்ததே தவிர காலப்பிரமாணம், அதாவது தாளத்தின் சீரான வேகம், நிற்கவில்லை. ஒருநாள் எல்லோரையும் வாசலுக்கு அழைத்து, பம்பைக்காரர் வீட்டுப் பையன் ஒருவனைச் சீராகத் தட்டச் செய்து, மற்றவர்களை முதலில் தட்டுக்கு ஓரடியும், பிறகு அதே தட்டுக்கு ஈரடியும் வைத்து நடக்கச் சொன்னேன். "அவன் மாறவே இல்லை, நாமதான் மாறினோம்" என்றாள் ஒருத்தி. இரண்டாம் காலத்துக்கு அதைவிட நல்ல விளக்கத்தை நான் இதுவரை சொன்னதில்லை.

ஆதி தாளத்தையும் இப்படியே தொடங்கு. கோலமாவால் மூன்று கட்டங்கள் போட்டு, முதல் கட்டத்தில் நான்கு அடி, அடுத்த இரண்டில் இரண்டிரண்டு அடி வைக்கச் சொல். ஒரு வாரம் குதித்த பிறகு, முதல் கட்டத்தின் பெயர் லகு, மற்றவை திருதம் என்றால் போதும். மூன்றடித் தகிடவும் நான்கடித் தகதிமியும் நடந்து பழகியவர்களுக்கு, இரண்டையும் சேர்த்தால் வரும் ஏழு தானாகவே பிடிபடும்.

ஜெனீவா இசைக் கல்லூரியில் 1892 முதல் கற்பித்த எமில் ஜாக்-டால்குரோஸ், இசை விதிகளைத் தாளில் சரியாக எழுதும் மாணவர்களுக்கு அந்த இசை காதில் கேட்கவில்லை என்று கண்டே நடையையும் அசைவையும் பாடமாக்கினார். நம் கூத்துக்காரர்களுக்கு இதில் வியப்பேதும் இராது.

சுரத்துக்கு வருவோம். ஜெர்மனியின் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் வழியில், கட்டைகளைத் தட்டி வாசிக்கும், வேண்டாத சுரக்கட்டையைக் கழற்றிவிடக்கூடிய சைலபோனைப் பிள்ளைகளிடம் கொடுப்பார்கள். நமக்கு ஐந்து பீங்கான் கிண்ணங்கள் போதும். தட்டினால் மோகன ராகத்தின் ச ரி க ப த வரும்வரை தண்ணீரைக் கூட்டிக் குறைத்து வைத்துக்கொள். தண்ணீர் கூடினால் சுரம் இறங்கும் என்பதைப் பிள்ளைகள் எளிதில் நம்ப மாட்டார்கள். என் வகுப்பில் ஒரு சிறுமி காந்தாரக் (க) கிண்ணத்திலிருந்து இரண்டு மடக்குக் குடித்துவிட, அது அடுத்த சுரமான மத்தியமத்தை (ம) நோக்கி ஏறிவிட்டது. அன்றைய பாடத்தை அவளே முடித்து வைத்தாள்.

ஆகவே கிண்ணங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். ஒகேனக்கல் குடிநீரையே ஊற்றி வை. எப்படியும் யாராவது குடிப்பார்கள்.

அன்புடன்,
அக்கா