பாட்டி எப்போது இடத்தைக் காலி செய்வாள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் முதுமைக் கட்டுரையில், இளையவர்களுக்கு இடம் விடத்தான் இயற்கை நம்மை மூப்படைய வைக்கிறது என்று ஒரு வரி வந்திருக்கிறது. என் பேரன் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "பாட்டி, எப்போ காலி பண்றீங்க?" என்றான். விளையாட்டுக்குத்தான். ஆனாலும் 34 வருடம் உயிரியல் சொல்லிக்கொடுத்தவளுக்குச் சுருக்கென்றது.

இது 1880-களில் வைஸ்மான் என்ற ஜெர்மன் உயிரியலாளர் சொன்ன பழைய கருத்து, தங்களுக்குத் தெரியாததா? காட்டில் பெரும்பாலான விலங்குகள் கிழடு தட்டுவதற்கு முன்பே பசியிலோ குளிரிலோ வேறொன்றின் வாயிலோ போய்விடுகின்றன. இல்லாத கிழடுகளைத் துரத்த இயற்கை எதற்குத் தனியாக ஓர் ஏற்பாடு செய்யப்போகிறது? பிள்ளை பெறும் காலம் கடந்த பின் கெடுதல் செய்யும் மரபணுவை இயற்கைத் தேர்வால் சரியாகக் களைய முடிவதில்லை என்று உயிரியலாளர் மெடவார் 1952-லேயே சொல்லிவிட்டார். இளமையில் கைகொடுக்கும் மரபணுவே பின்னால் காலை வாரலாம் என்றார் வில்லியம்ஸ், 1957-ல். உடம்பு தன் சக்தியை இனப்பெருக்கத்துக்கும் பழுதுபார்க்கவும் பங்கு போடுகிறது, பழுதுபார்க்கக் கிடைப்பது என்றைக்கும் போதாது என்பது 1977-ல் கிர்க்வுட் சொன்னது; என் இரண்டு முழங்கால்களும் அதற்குச் சாட்சி. ஆக, இயற்கை முதியவர்களைக் கண்டுகொள்ளாமல் விடுவது வேறு, போ என்று பிடித்துத் தள்ளுவது வேறு. வீட்டுக்குள்ளேயே எனக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

சரி, இது முதல் தடவையும் இல்லை. முன்பு ஒரு முறை, உடம்பில் உண்டாகும் ஃப்ரீ ராடிக்கல் என்ற மூலக்கூறுகள் செல்களைச் சிதைப்பதால்தான் மூப்பு வருகிறது என்று ஹார்மன் 1956-ல் சொன்ன கொள்கையை வேதவாக்காகப் போட்டு, அவற்றை அடக்கும் ஆன்டி ஆக்ஸிடன்ட்களின் புகழ் பாடினீர்கள். அதை நம்பி, சிகரெட்டை விடாத என் தம்பி, அந்த வகையைச் சேர்ந்த பீட்டா கரோட்டின் மாத்திரை விழுங்க ஆரம்பித்தான். பின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்கு அதே மாத்திரையைக் கொடுத்துப் பார்த்ததில் நுரையீரல் புற்றுநோய் கூடியது என்று 1994-லேயே முடிவு வந்துவிட்டது. அன்றைக்கே எழுதினேன், போடவில்லை. அடுத்த இதழில் முழுப் பக்க மாத்திரை விளம்பரம் இருந்தது. அதற்கு இடம் இருந்தது, பாருங்கள்.

அப்புறம் அந்தப் படம். முதுமை என்றாலே தடி பிடித்த ஒரு சுருங்கிய கை, முகம் கூடக் கிடையாது. தான்சானியாவில் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழும் ஹட்ஸா இனத்துப் பாட்டிகள் கிழங்கு தோண்டிப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுப்பதைப் பார்த்துத்தான், மாதவிடாய் நின்ற பிறகும் பெண்கள் இத்தனை காலம் வாழ்வது பேரப்பிள்ளைகளுக்கு உதவுவதால்தான் என்ற பாட்டிக் கருதுகோளையே வளர்த்தெடுத்தார்கள். நான் கிழங்கு தோண்டவில்லை. ஆனால் மேலே சொன்ன பேரனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போட்டால் போதும். அவன் கண்ணில் படுகிற அளவு எழுத்தில்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியை