புகைப்படச் சவாலுக்கு நடுவர்களாக வரும் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களே,

வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு நம் பள்ளியின் கலையறையில் மேல்வகுப்பு மாணவர்களின் புகைப்பட எடிட்டிங் சவாலுக்கான தேர்வு நடக்கிறது. எல்லோருக்கும் ஒரே படத்தைத்தான் கொடுத்தோம். ஆளுக்கொரு விதமாக எடிட் செய்து தந்திருக்கிறார்கள். போன பருவத்தில் ஆசிரியர்கள் மட்டுமே நடுவர்களாக இருந்தோம், இந்த முறை உங்களையும் அழைக்கிறோம். வருவதற்கு முன் இந்தக் கடிதத்தைப் பொறுமையாகப் படித்துவிட்டால் பிள்ளைகளுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

உங்களிடம் நான் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். ஒரு படத்தின் முன் நின்றதும் ‘அழகாக இருக்கிறதா’ என்று பார்க்கத் தொடங்கிவிடாதீர்கள். இந்தப் பிள்ளை இதில் எதைக் கவனித்திருக்கிறது, அதை நம்மையும் கவனிக்க வைத்திருக்கிறதா என்று பாருங்கள். அழகு பற்றிய யோசனை அதற்கு அப்புறம் தானாக வரும்.

போன பருவத்துப் படத்தைச் சொன்னால் இது புரியும். மழை விட்ட ஒரு மாலையில் நம் பள்ளி வராந்தாவில் கலை ஆசிரியர் எடுத்த படம் அது. தரை முழுக்க ஈரம். வராந்தாவின் கடைசியில் வெளுத்த வானம். நடுவில் ஒரு மாணவி குனிந்து ஷூ லேஸ் கட்டுகிறாள், முகத்தில் பாதி நிழலில் இருக்கிறது. இடது ஓரத்தில் ஒரு வாளி. மேலே எரிகிற டியூப்லைட்டின் வெளிச்சம் ஒரு நிறம், வானத்திலிருந்து வருவது இன்னொரு நிறம். எடிட் செய்பவருக்கு இது சிக்கலான படம். வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சமன் செய்யும் ஒயிட் பேலன்ஸை எந்த வெளிச்சத்துக்குச் சரிசெய்தாலும் மற்றது கெட்டுப்போகும். அதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தோம்.

வந்த எடிட்களில் ஒன்று முழுக்கக் கறுப்பு வெள்ளை. நிறச் சிக்கலை அந்த மாணவர் ஒரே அடியில் தீர்த்துவிட்டார். ஆனால் அதோடு நிற்கவில்லை. தரையில் விழுந்த பிரதிபலிப்பை மட்டும் கொஞ்சம் தூக்கிக் காட்டியிருந்தார், கண் நேராக மாணவியின் கைகளுக்குப் போயிற்று. இன்னொருவர் மேல் பாதி முழுவதையும் கிராப் செய்து எறிந்துவிட்டு, வாளி, ஈரத்தரை, ஷூ மூன்றையும் வைத்துக்கொண்டார். முகமே இல்லாத படம். எனக்கு அது முதலில் பிடிக்கவில்லை, பார்க்கப் பார்க்கப் பிடித்தது. வேறொருவர் ஷேடோக்களை முழுக்கத் திறந்து, இருட்டே இல்லாமல் செய்திருந்தார். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, ஆனால் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நிழலும் படத்தில் ஒரு வேலை செய்கிறது. அதை எடுத்துவிட்டால் அந்த வேலையைச் செய்ய வேறு ஏதாவது வேண்டும்.

எடிட்டிங் என்றாலே ஏமாற்று வேலை என்று நினைக்கும் பெற்றோர் சிலர் உண்டு. அவர்களுக்கு அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். 1941இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஒரு சிற்றூருக்கு மேல் நிலா எழும் காட்சியை அவர் எடுத்தார். அந்த ஒரே நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகள் தொடர்ந்து பிரிண்ட் போட்டுக்கொண்டே இருந்தார். ஆரம்பகாலப் பிரிண்ட்களில் வானம் வெளிறி, மேகங்கள் தெரியும். பிற்காலப் பிரிண்ட்களில் அதே வானம் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிட்டது. ஒரே மனிதர், ஒரே நெகட்டிவ், வயது ஏற ஏற வேறொரு இரவு. இருட்டறையில் ஓர் இடத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் அவர் கையால் செய்ததைத்தான் நம் பிள்ளைகள் இன்று திரையில் செய்கிறார்கள்.

ஆனால் எல்லா மாற்றமும் ஒன்றல்ல. இந்த இடத்தில்தான் உங்கள் கவனம் எனக்கு அதிகம் வேண்டும். 1994 ஜூனில் அமெரிக்காவின் டைம், நியூஸ்வீக் இரண்டு வார இதழ்களும் ஒரே வாரத்தில் ஒரே படத்தை அட்டையில் போட்டன. முன்னாள் விளையாட்டு வீரர் ஓ. ஜே. சிம்ப்சன் கொலை வழக்கில் கைதானபோது காவல் துறை எடுத்த படம் அது. நியூஸ்வீக் அதை அப்படியே போட்டது. டைம் அட்டையில் முகம் நன்றாகக் கறுப்பாக்கப்பட்டிருந்தது. இரண்டும் கடைகளில் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் வித்தியாசம் உடனே கண்ணில் பட்டது. ஒரு கறுப்பின மனிதரை இன்னும் கறுப்பாக்கினால் பார்ப்பவர் மனத்தில் என்ன தோன்றும் என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது. டைம் தன் வாசகர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. பெரும்பாலும் தொட்டது வெளிச்சத்தையும் நிறத்தையும்தான். ஆனாலும் அந்த மனிதரைப் பற்றி ஒரு தீர்ப்பே அதில் சொல்லப்பட்டதாகப் பலரும் உணர்ந்தார்கள்.

நம் பிள்ளைகள் பெரும்பாலும் எதிர்த்திசையில் போகிறார்கள். போன முறை சில எடிட்களில் அந்த மாணவியின் முகத்தை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்து வெளுப்பாக்கியிருந்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ‘முகம் தெளிவாத் தெரியணும்னு செஞ்சேன் மிஸ்’ என்றார்கள், அது உண்மைதான். ஆனால் முகத்துக்கு வெளிச்சம் கூட்டுவது வேறு, தோலின் நிறத்தையே மாற்றுவது வேறு. வெளிச்சம் கூடினால் கை, கழுத்து, சட்டை என்று பக்கத்தில் உள்ளவையும் சேர்ந்து கூடும், நிறம் அதே குடும்பத்தில் இருக்கும். தோலை மாற்றினால் கழுத்துக்கும் முகத்துக்கும் இடையே ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைத் தேடிப் பாருங்கள். இருந்தால், எவ்வளவு திறமையாகச் செய்திருந்தாலும் அந்தப் படத்துக்கு வாக்களிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த மாணவி தன் படத்தைப் பயன்படுத்த மனமார ஒப்புக்கொண்டவள். அவள் வந்து பார்க்கும் சுவரில் அவளுடைய முகம்தான் இருக்க வேண்டும்.

படத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது, இருப்பதை அழிக்கக் கூடாது என்பதும் விதி. செயற்கை நுண்ணறிவை வைத்துப் புதிதாக நிரப்புவதும் இதில் அடங்கும். கண்டிப்பாகத் தோன்றலாம். 1982இல் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ் தன் அட்டைக்குப் பொருந்த வேண்டும் என்று கீசா பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்தது, அதன் பேச்சு இன்னும் ஓயவில்லை. 2010இல் வேர்ல்டு பிரஸ் போட்டோ என்ற உலகச் செய்திப் படப் போட்டியில் பரிசு பெற்ற ஒரு தொகுப்பு, ஓரத்தில் தெரிந்த ஒரு பாதத்தின் துணுக்கை அழித்ததற்காகத் தகுதி இழந்தது. அந்தப் படத்தை நன்றாகக் கிராப் செய்ய விதி இடம் கொடுத்தது, அழிப்பதற்குத்தான் இல்லை. நம்முடையது செய்திப் படப் போட்டி இல்லை என்பது தெரியும். இருந்தாலும் வாளி பிடிக்கவில்லை என்றால் அதை அழித்துவிடுவதைவிட, கிராப் செய்வதா, இருட்டில் விடுவதா, அதற்கும் ஒரு இடம் கொடுப்பதா என்று பிள்ளை யோசிக்கட்டும். யோசனை அங்கேதான் பிறக்கிறது.

இனி, எப்படிப் பார்ப்பது என்பது பற்றி.

எல்லாப் படங்களையும் ஒரே அளவில், ஒரே தாளில் பிரிண்ட் போட்டு மாட்டியிருக்கிறோம். போனில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஒருவர் போனில் பிரைட்னெஸ் கூடுதலாக இருக்கும், இன்னொருவர் போன் மாலையானால் தானாக மஞ்சளாகிவிடும். சின்னத் திரையில் கான்ட்ராஸ்ட் அதிகமான படங்கள்தான் எப்போதும் ஜெயிக்கும். மென்மையான படங்கள் அங்கே செத்துப்போகும்.

பிரிண்ட்களுக்கு நடுவில் அகலமாக இடைவெளி விட்டு, பின்னால் சாம்பல் நிறத்துணி கட்டியிருக்கிறோம். அலங்காரத்துக்காக இல்லை. செவ்ருல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பாரிஸில் ஒரு திரைச்சீலை நெசவாலையில் சாயத்துறைக்குப் பொறுப்பாக இருந்தார். கறுப்புச் சாயம் சரியில்லை என்று புகார் வந்தபோது ஆராய்ந்து பார்த்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் கண்ணை மாற்றிக் காட்டுகின்றன என்று கண்டுபிடித்து, 1839இல் விரிவாக எழுதினார். நிறத்தை அள்ளிக் கொட்டிய ஒரு படத்துக்குப் பக்கத்தில் நிதானமான ஒன்றை மாட்டினால் அது சோர்ந்து தெரிவதும் இதனால்தான். ஆகவே ஒரு முறை இடமிருந்து வலமாகப் பாருங்கள், கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, வலமிருந்து இடமாக இன்னொரு சுற்று வாருங்கள். இரண்டாவது சுற்றில் உங்கள் எண்ணம் மாறினால் அந்த மாற்றத்தை நம்புங்கள்.

எடிட் செய்யாத மூலப் படத்தைக் கடைசியாகத்தான் காட்டுவோம். இதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மூலம் முதலில் வேண்டும் என்றார்கள் சில ஆசிரியர்கள். என் எண்ணம் வேறு. மூலத்தை முதலில் பார்த்துவிட்டால் ‘எவ்வளவு மாற்றியிருக்கிறார்கள்’ என்பதே அளவுகோலாகிவிடும். மிகக் குறைவாகத் தொட்டு மிகச் சரியாக விட்டவர் அங்கே தோற்றுவிடுவார்.

கிட்டே போய் நுணுக்கமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: பொருள்களின் விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடினால் ஷார்ப்னெஸ் மிஞ்சிவிட்டது. தோல் மெழுகுபோல் வழவழவென்று இருந்தால் நாய்ஸ் என்ற புள்ளிப் புள்ளியான கரகரப்பைக் குறைத்தது மிஞ்சிவிட்டது. வானம் படிப்படியாக மாறாமல் பட்டை பட்டையாக உடைந்திருந்தால், படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் ஃபைலில் வேலை செய்து அதை இழுத்துப் பிய்த்திருக்கலாம். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் உண்டு. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும், நாங்கள் கொடுத்த 14 பிட் ரா ஃபைலில் 16,384. ஆனால் ரா ஃபைலிலும் முழுக்க வெளுத்துப்போன இடத்திலிருந்து எதையும் மீட்க முடியாது, ஆகவே வானத்தின் ஒரு மூலை வெள்ளையாகவே இருந்தால் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள். இந்தக் குறைகள் எதுவும் ஒரு நல்ல எண்ணத்தைத் தோற்கடிக்கப் போதுமானவை இல்லை என்பது என் கருத்து. கை பழகினால் இவை போய்விடும்.

பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் முறையை எடுத்துவிட்டோம். சராசரி போட்டால் யாருக்கும் பிடிக்காமல் போகாத படம்தான் மேலே வரும். சிலருக்கு மிகவும் பிடித்து, சிலருக்குச் சுத்தமாகப் பிடிக்காத படம் நடுவில் எங்கோ காணாமல் போய்விடும். முகமில்லாத அந்த வாளிப் படத்துக்கு அதுதான் நடந்தது. இம்முறை ஒவ்வொருவரும் உங்களுக்குப் பிடித்த மூன்று படங்களின் எண்களை எழுதித் தாருங்கள், வரிசை வேண்டாம். அதிக வாக்கு பெறுபவர் அடுத்த சுற்றுக்கான படத்தைத் தருவார். பரிசு அவ்வளவுதான், சான்றிதழ் கிடையாது.

நீங்கள் தேர்ந்தெடுக்காத ஒரு படத்தைப் பற்றியும் ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ‘சூப்பர்’, ‘நல்லா இருக்கு’ போன்றவை பிள்ளைக்குப் பயன்படாது. ‘என் கண் முதலில் ஜன்னலுக்குப் போயிற்று, ஆளைப் பிறகுதான் பார்த்தேன்’ என்று எழுதினால் பயன்படும். அதைத்தான் அந்தப் பிள்ளை விரும்பியதா இல்லையா என்பது அதற்கே தெரியும். கற்றுக்கொள்ள அது போதும்.

படங்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். உங்கள் பிள்ளையின் படம் எது என்று வீட்டில் கேட்காதீர்கள். கலையறையில் ஊகித்துவிட்டால் அந்த எண்ணை விட்டுவிட்டு மற்றவற்றிலிருந்து தேர்ந்தெடுங்கள். படங்களைப் போனில் எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் போட வேண்டாம், இந்த முறையும் படத்தில் ஒரு பிள்ளை இருக்கிறது, பள்ளிக்குள் காட்ட மட்டுமே அதன் வீட்டாரிடம் ஒப்புதல் பெற்றிருக்கிறோம்.

கண்ணாடி அணிபவர்கள் மறக்காமல் கொண்டு வாருங்கள். வர இயலாதவர்கள் திங்கள்கிழமை பள்ளி விடும் நேரத்தில் வந்து பார்க்கலாம், வாக்குப் பெட்டியை அன்று மாலைதான் திறப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்